பெரிய மச்சானுக்கு, மூச்சு விஷயமாக

மதிப்பும் மரியாதையும் மிகுந்த பெரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளான தங்கள் மருமகளும் உடல் அளவில் சுகம். 'உடல் அளவில்' என்று ஏன் போட்டேன் என்பது போகப்போகத் தெரியும். தங்கள் முழங்கால், தங்கள் மூக்குக்கண்ணாடி, தங்கள் வீட்டுச் சமையலறைக் குழாய் ஆகிய மூன்றும் இப்போது ஒழுங்காக இருக்கின்றனவா என்று அறிய ஆவல். போன தடவை நான் எழுதிய கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, ஓரத்தில் 'பதினேழு பிழை' என்று குறித்துத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். நாற்பது வருடம் அச்சகத்தில் பிழை திருத்திய கை, சும்மா இருக்குமா? ஆனால் இந்தத் தடவை தயவுசெய்து பிழையை விட்டுவிட்டு விஷயத்தைப் படியுங்கள். வருகிற சனிக்கிழமைக்குள் நீங்கள் இங்கே வந்து, உங்கள் மருமகளை ஒரு மேடையில் ஏறவிடாமல் தடுக்க வேண்டும். நான் சொன்னால் அவள் கேட்கமாட்டாள். என்னால் சொல்லவும் முடியாது, ஏனென்றால் தப்புப் பண்ணியவன் நான்.

வீடியோ கேம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டீர்கள், ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். 'ஒன்பது தாழ்ப்பாள்' என்று ஒரு கேம். ஆளில்லாத ஒரு பெரிய வீடு, ஒன்பது அறை, ஒன்பது கதவு. விளையாடுகிறவர் அந்த வீட்டுக்குள் தனியாக நடக்க வேண்டும். ஏதோ ஒரு கதவுக்குப் பின்னால் ஒரு பெண்மணி நின்று பேசுவாள், கடைசிவரை கண்ணில் படவே மாட்டாள். அவள் இருக்கிற கதவைத் திறந்துவிட்டால் ஆட்டம் போச்சு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ரசிகர்கள் அவளைத் தாழ்ப்பாளம்மா என்பார்கள். இருபது வருடத்துக்கு முன்னால் அந்தத் தாழ்ப்பாளம்மாவுக்குக் குரல் கொடுத்தது உங்கள் தங்கை, ஒலிப்பதிவு செய்தது நான். உங்களிடம் அப்போது 'பாடப்புத்தகத்துக்குக் குரல் கொடுக்கிறாள்' என்று சொல்லி வைத்திருந்தோம், மன்னிக்கவும்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு மச்சான். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் வாயைத் திறக்கும் முன் மூச்சை இழுப்பார். அந்த மூச்சை வெட்டி எறிந்துவிட்டுப் பேச்சை மட்டும் வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த கேமில் மட்டும் இயக்குநர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்த அம்மா கண்ணுக்கே தெரியமாட்டாங்க. மூச்சையும் வெட்டிட்டா கதவுக்குப் பின்னாடி யாருங்க இருக்கா?" என்றார். நியாயம்தான். அதனால் மூச்சை விட்டு வைத்தேன். விளையாடுகிறவர்கள் கதவு கதவாகக் காதை வைத்துக் கேட்பார்கள், மூச்சு கேட்டால் வந்த வழியே ஓடிவிடுவார்கள். உங்கள் தங்கையின் மூச்சு உங்களுக்கும் தெரிந்ததுதானே. இழுக்கும்போது பாதியில் ஒரு சின்னத் தடங்கல், மாடி ஏறி வந்தவள் கடைசிப் படியில் நிற்பது போல. அந்தத் தடங்கலுக்காகவே மூன்று பாகம் ஓடியது, அப்புறம் கம்பெனி அந்த கேமை மறந்தது. உங்கள் தங்கை போய் நாலு வருடம் ஆகிறது. இந்த வருடம் அந்த கேமை வாங்கிய புதுக் கம்பெனிக்காரர்கள் திடீரென்று நாலாம் பாகம் எடுக்கிறோம் என்றார்கள்.

நாற்பது பேரைப் பேச வைத்துப் பார்த்து அதில் உங்கள் மருமகளைத் தேர்ந்தெடுத்தார்கள். யார் பெண் என்று இவள் சொல்லவே இல்லை. அங்கே ஒலிப்பதிவுக்குத் தலைவன் என்னிடம் தொழில் பழகிய நம் கத்திரிதான். மூச்சை வெட்டுவதில் அவன் காட்டிய சுறுசுறுப்பைப் பார்த்து நான் வைத்த பெயர், இப்போது அவனுக்கு ஐம்பத்து மூன்று வயது, பேரன் இருக்கிறான், பெயர் மட்டும் போகவில்லை. புதுக் கம்பெனிக்காரர்கள் 'சத்தம் சுத்தமாக இருக்கணும்' என்று உத்தரவு போட்டார்களாம், இவன் எல்லா மூச்சையும் ஒன்று விடாமல் வெட்டிவிட்டான்.

கேம் ஒரு புதன்கிழமை பகல் பன்னிரண்டுக்கு வந்தது. இரண்டு மணிக்கெல்லாம் ரசிகர்கள் எழுதுகிற பக்கத்தில் தீ வைத்துவிட்டார்கள். நானும் உங்கள் மருமகளும் ஒரே நாற்காலியில் பாதிப்பாதி உட்கார்ந்து படித்தோம். ஒருவன் எழுதுகிறான், "இது தாழ்ப்பாளம்மா இல்ல. லிஃப்ட்ல 'கதவு மூடப்படுகிறது'ன்னு சொல்ற பொண்ணு." இன்னொருவன், "பயமே வரல. ஒன்பது கதவையும் வரிசையாத் திறந்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன்." ஒருத்தி கொஞ்சம் இரக்கத்தோடு, "குரல் நல்லாத்தான் இருக்கு, ஆனா கதவுக்குப் பின்னாடி ஆளே இல்லையே" என்றாள். அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது. சாயங்காலத்துக்குள் யாரோ துப்புத் துலக்கி, யார் மகள் என்று கண்டுபிடித்து, "அம்மா வேலை பொண்ணுக்கா? இது என்ன வீட்டுப் பத்திரமா?" என்று ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில், 'நடுநிலை ரசிகன்' என்ற பெயரில் நுழைந்து, "புதிய குரல் மிகச் சிறப்பாக உள்ளது என்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். இப்படிக்கு, தங்கள் உண்மையுள்ள" என்று எழுதினேன். இரண்டே நிமிடத்தில், "அங்கிள், நீங்க அவங்க அப்பாதானே?" என்று பதில் வந்தது. வேறு பெயரில் போனேன். "அங்கிள், மறுபடியுமா?" என்றார்கள்.

அன்றிலிருந்து உங்கள் மருமகள் பேசுவதை நிறுத்திவிட்டாள். கோபம் இல்லை, அழுகை இல்லை, சத்தம் மட்டும் இல்லை. தக்காளி தீர்ந்துவிட்டது என்பதைக்கூட ஒரு சீட்டில் எழுதிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள். தொலைபேசி அடித்தால் என்னிடம் நீட்டினாள். ஒன்பது நாள் மச்சான், ஒன்பது நாள். நான் வானொலியைப் போட்டால் வந்து அணைப்பாள். வீட்டில் கடிகாரமும் குழாயும் நானும்தான் சத்தம் போட்டுக்கொண்டிருந்தோம். பத்தாம் நாள் ஒரு விண்ணப்பத் தாளை என் முன்னால் வைத்தாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிச் சில்லைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. "வாயைத் திறக்க வேண்டாத வேலையாப் பாத்து வெச்சிருக்கேன்ப்பா," என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

இனிமேல்தான் என் குற்றம் வருகிறது. என்னிடம் ஒரு டேப் சுருள் இருந்தது. உங்கள் தங்கை சோப்பு விளம்பரத்துக்கும், பொம்மைப் பட அணிலுக்கும், பேருந்து நிலைய அறிவிப்புக்கும் பேசியபோதெல்லாம் நான் வெட்டிய மூச்சுகளைத் தூக்கி எறியாமல் ஒன்றாக ஒட்டி வைத்திருந்தேன், மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு. அவள்தான் கேட்டாள். "எறியாதீங்க, ஒருநாள் எனக்கு மூச்சு பத்தாமப் போகும், அப்ப எடுத்துத் தாங்க," என்று சிரித்தாள். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி நாள், முகமூடிக்குள் அவள் திணறியபோது, அலமாரியில் இருந்த அந்தச் சுருள் எனக்கு ஞாபகம் வந்தது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பைத்தியக்காரன் என்பார்கள்.

அந்தச் சுருளை எடுத்துக்கொண்டு கத்திரியிடம் போனேன். பெண்ணின் வசனத்துக்கு முன்னால் எல்லாம் அம்மாவின் மூச்சை வைத்து ஒட்டிவிடு, யாருக்கும் தெரிய வேண்டாம், முக்கியமாக அவளுக்குத் தெரிய வேண்டாம் என்றேன். அவனுக்கு வியர்த்துவிட்டது.

"சார், கம்பெனிக்குத் தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"உனக்கு அந்த வேலையைக் கத்துக்குடுத்தது யாரு?"

"நீங்கதான் சார்."

"அப்போ போனா என்னோடதுதானே போகுது? உனக்கென்ன?"

சுருளை வாங்கிக்கொண்டான். நாலு நாள் கழித்துத் தொலைபேசியில், "முடிஞ்சுது சார்," என்றான். குரல் உள்ளே போயிருந்தது. நான் மேற்கொண்டு கேட்பதற்குள் வைத்துவிட்டான். பயப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த திங்கட்கிழமை கேமைத் திருத்தி வெளியிட்டார்கள். மச்சான், மனுஷ மனம் என்ன மனமோ! "வந்துட்டாங்க! வந்துட்டாங்க!" என்று ஒருவன். "ஆறாவது கதவுல காது வெச்சேன், உள்ள இருக்காங்க, ரொம்ப நன்றி" என்று ஒருத்தி. லிஃப்ட் என்று எழுதியவன் ஒரு முழுப் பத்திக்கு மன்னிப்புக் கேட்டு, அவன் வேலை பார்க்கும் கட்டடத்தில் லிஃப்டில் ஏறவே கூச்சமாக இருக்கிறது என்றும் எழுதினான். முந்நூறு பேருக்கு மேல் "மன்னிச்சிடுங்க அக்கா" போட்டார்கள். உங்கள் மருமகள் படித்தாள், சிரித்தாள், விண்ணப்பத்தைக் கிழித்தாள், இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள், அப்புறம் ஒரு மணி நேரம் மூச்சு விடாமல் பேசினாள். எனக்கு அந்த நிம்மதி மூன்று நாள் நீடித்தது.

இந்த ரசிகர்களில் ஒரு கூட்டம் இருக்கிறது, எதையும் எண்ணிப் பார்க்கிற கூட்டம். வீட்டில் எத்தனை ஜன்னல், எத்தனை ஆணி என்று பட்டியல் போடுவார்கள். அவர்களில் ஒருவன், "கதவு ஒண்ணுக்கு மூணு மூச்சு, மொத்தம் இருபத்தேழு" என்று போட்டான். இன்னொருவன், "எனக்கு முப்பத்தொண்ணு வருதே" என்றான். மூன்றாமவன், "நேத்து முப்பத்தொண்ணு, இன்னிக்கு முப்பத்தாறு" என்றான். ஒரு நர்ஸ் எழுதியிருந்தாள்: "கேமை நிறுத்தி வெச்சுட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தா படம் அப்படியே நிக்குது, மூச்சு மட்டும் போயிட்டிருக்கு." ஒரு பஸ் டிரைவர் சத்தத்தை முழுசாகக் குறைத்து, காதில் மாட்டியதைக் கழற்றி மேஜையில் வைத்தாராம், அதற்கப்புறமும் ஒன்று வந்ததாம், மேஜைப் பக்கத்திலிருந்து அல்ல. அவர் புகார் கொடுத்ததற்குக் கம்பெனி, "உங்கள் கருத்துக்கு நன்றி. கேமை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பார்க்கவும்" என்று பதில் போட்டது. அவர் பொறுமைசாலி. "ஏத்தினேன். ஏத்தும்போதே வந்துச்சு," என்று எழுதினார்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தையல்காரம்மா எழுதியதைக் கேளுங்கள். "ஏழாவது கதவுல மூச்சை இழுத்துட்டு ஒண்ணும் பேசாம நிக்கறாங்க. நாம ஏதாவது சொல்லணும்னு காத்திருக்காங்க போல. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல, 'சாப்பிட்டீங்களா'ன்னு கேட்டேன். அப்புறம்தான் மூச்சை விட்டாங்க." இதைப் படித்துவிட்டு இருநூறு பேர் போய் ஏழாவது கதவுக்கு முன்னால் நின்று 'சாப்பிட்டீங்களா' என்று கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் மூச்சு விடுகிற சத்தம் கேட்டிருக்கிறது. இப்போது அது ஒரு மரியாதையாகவே ஆகிவிட்டது, கேட்காமல் போகிறவனைத் திட்டுகிறார்கள்.

நான் கொடுத்த சுருளில் மூச்சு இழுப்பது மட்டும்தான் உண்டு மச்சான். விடுவது ஒன்றுகூடக் கிடையாது. எங்கள் வேலையில் விடுகிற மூச்சை யாரும் சேர்ப்பதில்லை.

சரி, நேரில் பார்த்துவிடுவோம் என்று முந்தாநாள் காலை பதினோரு மணிக்கு, பெண் வெளியே போயிருந்தபோது, கணினி முன்னால் உட்கார்ந்தேன். நல்ல வெயில், ஜன்னல் திறந்திருந்தது, தெருவில் யாரோ பைக்கைத் தட்டித் தட்டிக் கிளப்பிக்கொண்டிருந்தார். நாலாவது கதவில் அது வந்தது. நானூற்றுப் பன்னிரண்டில் ஒவ்வொன்றும் எனக்கு அடையாளம் தெரியும், இது சோப்பு, இது அணில், இது ஆறாம் நடைமேடை என்று சொல்லிவிடுவேன். இது அதில் எதுவும் இல்லை. மைக் முன்னால் அவள் ஒருநாளும் இழுக்காத மூச்சு இது. வீட்டில் என்னைத் திட்டுவதற்கு முன்னால் இழுப்பாளே, ஈரத் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு நான் பேப்பர் படிக்கும்போது, அது. திரும்பிப் பார்த்தேன். நாற்காலியில் ஈரத் துண்டு கிடந்தது. எழுந்து போய்க் கொடியில் போட்டுவிட்டு வந்தேன். அதற்கப்புறம்தான் அந்த மூச்சு வெளியே போனது. கேமை அணைத்துவிட்டேன், ஆனால் நாற்காலியில் உட்காரத் தைரியம் வராமல் பெண் வரும்வரை வாசலிலேயே நின்றேன்.

இப்போது சனிக்கிழமைக்கு வருகிறேன். ரசிகர்கள் அறுநூறு பேர் ஒரு அரங்கத்தில் கூடுகிறார்கள். மேடையில் ஒரே ஒரு கதவை நிறுத்தி, விளக்கையெல்லாம் அணைத்துவிடுவார்களாம். கதவுக்குப் பின்னால் உங்கள் மருமகள் நின்று ஒன்பது அறை வசனத்தையும் நேரில் பேச வேண்டும். டேப் இல்லை, கத்திரி இல்லை, ஒட்டு வேலை இல்லை. அங்கே அம்மாவின் மூச்சுக்கு நான் எங்கே போவேன்? முதல் கதவிலேயே தெரிந்துவிடும். மன்னிப்புக் கேட்ட அத்தனை பேரும் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், அதுவும் அவள் முகத்துக்கு நேரே. அதைவிட மோசம், இத்தனை நாள் கை தட்டு வாங்கியது தான் இல்லை, பெற்ற அப்பனே பின்னால் அம்மாவை நிறுத்தி வைத்தான் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அப்புறம் அவள் ஆயுளுக்கும் வாயைத் திறக்கமாட்டாள். சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவளே, "அப்பா, முதல் தடவையா என்னை எனக்காகப் பாராட்டறாங்கப்பா," என்றாள். கையில் இருந்த டீயைக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். எப்படிச் சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே தாங்கள் உடனே கிளம்பி வந்து, மாமா என்ற உரிமையில் ஏதாவது சொல்லி அவளை நிறுத்த வேண்டும். பொய் சொல்வது தங்களுக்கு ஆகாது என்பது தெரியும். முழங்கால் வலியை மட்டும் கொஞ்சம் பெரிதாகச் சொன்னால் போதும், அவள் உங்களை விட்டு நகரமாட்டாள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள், எல்லாரும் நல்ல உடம்போடும் நல்ல தூக்கத்தோடும் இருக்கட்டும். தூக்கத்தை நான் இப்போது குறிப்பாகச் சேர்த்துக்கொள்கிறேன்.

தங்கள் வரவை எதிர்பார்த்து வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
தங்கள் தங்கையின் கணவன்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போன நேரத்தில் கத்திரி நேரில் வந்து நின்றான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. "சார், அந்தச் சுருள் ஓடவே இல்ல. முதல் சுத்துலயே மேல்பூச்சு உதிர்ந்து கரி மாதிரி கையோட வந்துடுச்சு. ஒரு மூச்சுகூடக் கிடைக்கல. உங்ககிட்ட சொல்ல மனசு வரல, முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன்," என்றான். நானூற்றுப் பன்னிரண்டும் போச்சு மச்சான். அவன் விரல்களில் கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். அப்புறம், "அப்போ கேம்ல என்னத்தைப் போட்ட?" என்றேன். "உங்க பொண்ணு தனியா வந்து எல்லா வசனத்தையும் மறுபடி பேசிக் குடுத்துச்சு சார், உங்களுக்குத் தெரிய வேணாம்னுச்சு. அதைத்தான் போட்டேன். மூச்சை வழக்கம்போல வெட்டிட்டேன்." சந்தேகமாக இருந்தால் பாருங்கள் என்று மடிக்கணினியைத் திறந்து காட்டினான். வசனம் இருக்கிற இடத்தில் மலையும் பள்ளமுமாகக் கோடு, மூச்சு வர வேண்டிய இடத்தில் எல்லாம் தட்டையான கோடு, ஒரு புள்ளி அசைவில்லை. ஓட விட்டான். தட்டையான கோட்டில், பாதியில் அந்தத் தடங்கலோடு, மூச்சு வந்தது. இரண்டு பேரும் கேட்டோம். கத்திரி கையைக் கட்டிக்கொண்டு, "வணக்கம்மா," என்றான்.

எப்போது வந்தாளோ தெரியாது, பெண் வாசலில் பையோடு நின்றிருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டாள். நான் எழுந்து இந்த உறையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "எனக்கு முதல் நாள்லேருந்தே தெரியும்ப்பா," என்றாள். "ரெக்கார்டிங் ரூம்ல நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடி பக்கத்துல ஒருத்தர் மூச்சு இழுப்பாங்க. பயந்து விறைச்சுப் போயித்தான் லிஃப்ட் மாதிரி பேசித் தொலைச்சேன். அப்புறம் அந்த ஒன்பது நாள் வீட்டுல சத்தம் போடாம இருந்தேன்ல, அப்பவும் கேட்டுச்சு. கேக்கக் கேக்கப் பயம் போயிடுச்சு. கண்ணாடிக் கடைக்குப் போறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை பேசிப் பாப்போம்னு போனேன். தோத்துட்டா உங்களுக்குத் தெரிய வேணாம்னு சொல்லல." பிறகு தண்ணீர் குடித்தாள். "அவங்க இழுப்பாங்க, நான் பேசுவேன். அவ்வளவுதான்ப்பா."

"சனிக்கிழமையும் வருவாளா?" என்று கேட்டேன்.

"நான் பேசறேன்னா அவங்க வராம இருப்பாங்களா?" என்றாள்.

ஆகவே மச்சான், மேலே எழுதியது அத்தனையையும் உங்கள் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள், நீங்கள் வர வேண்டும் என்பதைத் தவிர. தடுக்க வர வேண்டாம், கேட்க வாருங்கள், முன் வரிசையில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். இருட்டில் கதவுக்குப் பின்னாலிருந்து முதலில் கேட்பது உங்கள் தங்கை. அதைக் கேட்டதும் எழுந்து நின்று கூப்பிட்டுவிடாதீர்கள், நானும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அடுத்து வருகிற குரல் நம் பெண்ணுடையது. அவள் பேசி முடிக்கட்டும், அப்புறம் இருவருக்கும் சேர்த்துக் கை தட்டுவோம்.